மணிக்கு ஒரு தடவை

“இந்தப் பிளக்கைப் பிடுங்கினாத்தான் சார் பெட்டிக்குக் கரண்ட் குடுக்க முடியும்” என்றார் குளிர்பெட்டிக்காரர். அவருடைய கை ஏற்கெனவே பிளக்கின்மேல் இருந்தது.

“கொஞ்சம் இருங்க” என்றார் மாஸ்டர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. பதினொரு வருடமாக அந்தப் பிளக்கைப் பிடுங்கக் காத்திருந்தவர் அவர். கூடத்தில் ஏசி மாட்டுவதற்காக வைத்த பெரிய பாயின்ட் அது. ஏசி வருவதற்கு முன்னால், அவர் மனைவி வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் கழித்துக்கட்டிய பழைய இயந்திரம் ஒன்று வந்து அதில் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு ஏசி என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. இன்று காலை ஐந்து நாற்பதுக்கு உள்ளறையில் அவள் மூச்சு நின்றது. கூடத்தில் இயந்திரம் நிற்கவில்லை. முன்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, மூன்று நாளாக இரைந்த அதே இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது.

“எடுத்து விடச் சொல்லுங்க அத்தான்” என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி, எதையும் அரை நிமிடத்தில் முடிக்கப் பார்க்கிறவன். “பையன் வந்து சேர மூணு மணி ஆயிடும். அதுவரைக்கும் அக்காவை இப்படியே வெச்சிருக்க முடியுமா?”

“முடியாதுதான்.”

“அப்புறம் என்ன?”

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் இயந்திரத்தின் தலையில் கிடந்த அவளுடைய போன் ஒருமுறை துடித்தது. குனிந்து பார்த்தார். திரையில் ஒரே ஒரு வார்த்தை. “எத்தனை?”

கப்பல்காரர்தான்.

கப்பல்காரரை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர், ஓய்வு பெற்று ஏதோ ஒரு துறைமுக ஊரில் இருக்கிறவர், இதே மாடல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இதே பைத்தியக்கார வேலையைச் செய்கிறவர் என்பது மட்டும் தெரியும். கம்பைலர் என்று ஒன்றைக் கட்டுகிற வேலை. மனிதர்கள் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற நிரலாம் அது. அதில் புதியது வரும்போதெல்லாம் பழைய இயந்திரத்திலும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அந்த மாடலை இன்னும் விடாமல் வைத்திருக்கும் நானூறு பேர் அதற்காகக் காத்திருப்பார்கள் என்பாள். புது கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. இதில் மூன்று நாளுக்கு மேல் பிடிக்கும்.

“அப்ப புதுசுலயே பண்ணி இதுல ஏத்திட வேண்டியதுதானே” என்று ஒரு தடவை கேட்டார்.

“ஏத்தலாம். அதுல என்ன இருக்கு?” என்றாள்.

மூன்று நாள் காத்துக்கிடப்பதில் மட்டும் என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என நினைத்தார். அதில் கப்பல்காரர் இருந்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். யார் முதலில் முடிப்பது என்று போட்டி. வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அந்த இயந்திரம் தானாகச் சொல்லாது. செய்வதையெல்லாம் வரி வரியாகத் திரையில் எழுதிக் காட்டச் சொன்னால், எழுதிக் காட்டுவதிலேயே அதற்கு மூச்சு வாங்கிவிடும். அதனால் திரையை இருட்டாக விட்டுவிட்டு, வரிகளை ஒரு கோப்புக்குள் விழ வைத்து, எத்தனை வரி விழுந்திருக்கிறது என்று மட்டும் இடையில் கேட்டுக்கொள்வாள். போன தடவை மொத்தம் 6214 வரி. அதை வைத்து இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒரு உத்தேசம். கப்பல்காரர் “எத்தனை?” என்பார். இவள் பதில் அனுப்புவாள். அவர் தன்னுடையதை அனுப்புவார். இவள் போனைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு எண்ணில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுதான் மாஸ்டரை அரித்துக்கொண்டே இருந்தது. போனை எடுத்துப் பார்த்திருக்கலாம். அப்படிப் பார்க்கிற ஆள் நான் இல்லை என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு வீம்பு.

நேற்று சாயங்காலம் அவள் படுத்தபடியே, “எத்தனைன்னு பாத்துட்டு வந்து சொல்றீங்களா?” என்று கேட்டாள். இதயம் பலவீனம் என்று படுக்கையில் விழுந்த எட்டு மாதத்தில் அவரிடம் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டாவது தானே எழுந்து போவாள், இல்லாவிட்டால் மகளை அனுப்புவாள்.

“யாருக்கு வேணும்? உனக்கா, அந்த ஆளுக்கா?” என்றார்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எனக்குத்தான்” என்றாள்.

அவர் போகவில்லை. எண்ணி வைத்த மாத்திரைகளையே மறுபடி எடுத்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு வாய் தண்ணீர் கேட்டாள், ஃபேனைக் குறைக்கச் சொன்னாள். எத்தனை என்று திரும்பக் கேட்கவில்லை.

இப்போது பிளக்கைப் பிடுங்கினால் அத்தனையும் போகும். மூன்று நாள் வேலை ஒரு நொடியில் இல்லாமல் போகும். அந்த ஆள் நிதானமாக 6214-ஐத் தொட்டுவிட்டு, முடிச்சுட்டேன் என்று செய்தி அனுப்புவார். செத்துப்போனவளை ஜெயிப்பார். நினைக்கும்போதே மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. மனைவி இறந்த அன்றைக்கு இப்படியொரு எரிச்சல் வரலாமா என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனால் எரிச்சல்தான் முதலில் வந்தது.

“அதைப் பிடுங்க வேண்டாம்” என்றார்.

“என்ன அத்தான் பேசுறீங்க? அக்கா பெருசா, அந்த டப்பா பெருசா?”

“ரெண்டுக்கும் கரண்ட் வேணும். அவ்வளவுதானே. நான் கொண்டுட்டு வரேன்.”

“பாத்ரூம்ல ஹீட்டருக்கு ஒரு பெரிய பாயின்ட் இருக்கும்” என்றான் மைத்துனன்.

“அங்க கொண்டுபோயா வைக்கிறது?” என்றார் குளிர்பெட்டிக்காரர்.

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாசலில் அவருடைய பயிற்சி கார் நின்றது, கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகையோடு. முப்பத்திரண்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலுக்கு அடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பிழைத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வண்டி கற்றவர்கள். எதிரே வெல்டிங் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வேலை செய்யவும் மனமில்லாமல் துக்கத்துக்கு வரவும் தயங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

“நீங்க எதுக்கு மாஸ்டர் வந்தீங்க? ஒரு ஆளை அனுப்பக் கூடாதா?”

“உன் பெரிய ஒயர் வேணும். குளிர்பெட்டிக்கு.”

“வீட்டுல பாயின்ட் இல்லையா?”

“இருக்கு. அதுல அவ வேலை ஓடிட்டிருக்கு.”

வெல்டிங் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே போய் ஒயர் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பிரித்துவிட்டுக்கொண்டே வர, மாஸ்டர் நுனியை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் வழிவிட்டார்கள். ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஒரு வேனைக் கையைக் காட்டி நிறுத்தி, ஒயரின் மேல் மெதுவாக ஏறிப் போகச் சொன்னார். எட்டரை மணிக்கு அவளைப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டியும் இரைய ஆரம்பித்தது. இரண்டு இரைச்சலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் கூடத்தில் ஓடின.

அவர் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. சின்னதாக இருந்தது. திரையின் ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது, அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மகளுக்காக எழுதி வைத்தது: ‘N தட்டி, என்டர். மணிக்கு ஒரு தடவை மட்டும்.’

ஒற்றை விரலால் தட்டினார். இயந்திரம் யோசித்தது. பச்சை விளக்கு படபடத்தது. கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கழித்து இருட்டுத் திரையில் 5559 என்று வந்தது.

“அப்பா.” மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அழுது கண்கள் வீங்கியிருந்தன. “என்ன பண்றீங்க?”

“பாத்தேன். ஐயாயிரத்து ஐநூத்தி அம்பத்தொம்பது. அம்மா போனைத் திறக்குறது எப்படி?”

“எதுக்குப்பா?”

“எத்தனைன்னு கேட்டிருக்கார்” என்றார்.

“நாலு ஒண்ணு ஏழு ஒண்ணு. உங்க பழைய கார் நம்பர்தான்.”

அவர் அதைக் காதில் வாங்காததுபோலப் போனை வாங்கி எண்களைத் தட்டினார். நேற்று சாயங்காலம் ஒன்று, ராத்திரி ஒன்று, இன்று காலை ஒன்று. மூன்று “எத்தனை?” வரிசையாகக் கிடந்தன. கீழே 5559 என்று தட்டி அனுப்பினார்.

“சொல்லிட்டீங்களா அவர்கிட்ட?” என்றாள் மகள்.

“எத்தனைன்னு கேட்டார். சொன்னேன்.”

“அதைக் கேக்கல. அம்மா...”

“அதை எதுக்கு அவருக்குச் சொல்லணும்?”

மகள் அவரையே பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொன்னால் அந்த ஆளும் அழுவார். எங்கோ ஒரு ஊரில் ஒரு அறையில் உட்கார்ந்து இவளுக்காக அழுவார். அதற்கு அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? கல்யாணம் பண்ணினாரா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாரா, ராத்திரி ராத்திரியாக முதுகை நீவி விட்டாரா? அழுவதிலாவது பங்கு கேட்காமல் இருக்கட்டும்.

போன் துடித்தது. “5394. உங்க பின்னாடியேதான் வரேன். அது சரி, உடம்பு முடியலையா? நேத்து சாயங்காலத்துலேர்ந்து பதிலே இல்ல. இப்ப வெறும் நம்பர் மட்டும் வருது? மாஸ்டர் என்ன பண்றார்?”

அவருக்கு முதலில் புரியவில்லை. மாஸ்டர் என்றால் தான்தானா என்று மறுபடி படித்தார். பிறகு விரலால் திரையை மேலே தள்ளினார்.

நேற்று மதியம் அவள் அனுப்பிய கடைசிச் செய்தி இருந்தது. “மாஸ்டர் எனக்கு நகம் வெட்டி விடுறார். 3931.”

அதற்கு மேலே, “மாஸ்டர் டாக்டர்கிட்ட போன்ல சண்டை போடுறார். 3702.” அதற்கும் மேலே, “மாஸ்டர் தூங்காம தூங்குற மாதிரி நடிக்கிறார். 2977.”

இன்னும் மேலே தள்ளினார். போன வருடம், அதற்கு முந்தின வருடம். நின்று நின்று வந்தது. மாஸ்டர் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார், 611. மாஸ்டர் குளிக்கப் போயிருக்கிறார், பாட்டுச் சத்தம் வருகிறது, 1302. மாஸ்டர் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்லாமல் சாப்பிடுகிறார், 3340. மாஸ்டரின் ஸ்டூடன்ட் ஒருத்தன் இன்றைக்கு நம் வீட்டு கேட்டிலேயே இடித்துவிட்டான், வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, 4021. மாஸ்டர் தூக்கத்தில் பிரேக் போடுகிறார், கட்டில் ஆடுகிறது, 5110.

அடியாழத்தில் எங்கோ, பதினொரு வருடத்துக்கு முன்னால், கப்பல்காரர் இன்னும் கடலில் இருந்த காலத்தில், அது ஆரம்பித்த இடம் கிடைத்தது. “இந்த மெஷின்ல கடிகாரம் செத்துப்போச்சு. சரி, எத்தனை மணிக்கு எத்தனைன்னு நீங்க எழுதி அனுப்பினா உங்க மணி எனக்குப் புரியல. இங்க கப்பல்ல தினம் ஒரு நேரம்” என்று அவர் எழுதியிருந்தார். அதற்கு இவள், “அப்ப மணியே வேணாம். எங்க வீட்டுல மணி தப்பாம நடக்குற ஆள் ஒருத்தர் இருக்கார். மாஸ்டர் வண்டியை எடுத்துட்டுக் கிளம்புறார். 214” என்று எழுதியிருந்தாள்.

மாஸ்டருக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. தான் குளித்தது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இவருக்குத் தெரியாமல் இவரை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். இவ்வளவு நாள் அவர் கப்பல்காரரைப் பார்த்து எரிந்துகொண்டிருக்க, அந்த ஆள் இவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து இவரை வேடிக்கை பார்த்திருக்கிறார். போனைக் கவிழ்த்து வைத்தார். உடனே நிமிர்த்தினார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள். “மாஸ்டர் கோபமா இருக்கார். 4488.”

“எதுக்கு?”

“உங்களாலதான். நான் போனைப் பாத்துச் சிரிச்சா அவருக்கு ஆகாது.”

“ஐயோ. நான் வேணா அவர்கிட்ட பேசவா? நாம பேசுறதே அவரைப் பத்தித்தான்னு சொல்லிடுறேன்.”

“வேணாம். சொல்லிடாதீங்க. இந்த வயசுல எனக்காகப் பொறாமைப்பட ஒரு ஆள் இருக்குறது நல்லாத்தான் இருக்கு. 4490.”

அவர் அதை மூன்று தடவை படித்தார். 4488-க்கும் 4490-க்கும் நடுவில் இரண்டு வரி. அவ்வளவு நேரம்தான் யோசித்திருக்கிறாள்.

“கள்ளி” என்றார்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெரிந்தே விட்டிருக்கிறாள். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததை எல்லாம், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்ததை எல்லாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் அவர், “உனக்கா, அந்த ஆளுக்கா?” என்று கேட்டபோது அவள் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. அது வருத்தமா சிரிப்பா என்று இப்போது அவருக்குத் தெரிய வேண்டும்போல இருந்தது. கேட்க ஆளில்லை.

மறுபடி N என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“அப்பா, மணிக்கு ஒரு தடவைதான்” என்றாள் மகள். “அடிக்கடி கேட்டா அதுக்குப் பதில் சொல்றதுலயே நேரம் போயிடும்னு அம்மா சொல்வாங்க.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“இருபது நிமிஷம்.”

விரலை எடுத்துக்கொண்டார். எட்டு மாதமாக அவளிடம் இப்போ எப்படி இருக்கு, இப்போ எப்படி இருக்கு என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து பதில் சொன்னாள்.

வருகிறவர்கள் வந்தார்கள், பெட்டிக்கு முன்னால் நின்றார்கள், அழுதார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் அவளோடு வேலை பார்த்த இருவர் வந்தார்கள். இயந்திரத்தைப் பார்த்ததும் ஒருவர் மற்றவரின் தோளைத் தொட்டுக் காட்டினார். “நம்ம மூணாம் நம்பர் மெஷின். இன்னும் ஓடுதுய்யா” என்றார். இருவரும் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் பெட்டியின் பக்கம் வந்தார்கள். மாஸ்டருக்கு அதுவும் பிடிக்கவில்லை. அவளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்று இருந்தது.

“இந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தினா தேவலை” என்றார் அடுத்த வீட்டு அம்மாள்.

“சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும்” என்றார் மாஸ்டர்.

பத்து மணிக்கு 5672. பன்னிரண்டு மணிக்கு 5838. மாஸ்டர் போனை எடுத்தார். என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தன்னையே எட்டிப் பார்ப்பது சிரமமாக இருந்தது. கடைசியில், “மாஸ்டர் சும்மா உட்காந்திருக்கார். 5838” என்று அனுப்பினார்.

“அதிசயம்” என்று பதில் வந்தது. “5671. பாத்துக்குங்க, அவருக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே?”

தன் உடம்பைப் பற்றி அந்த ஆள் விசாரித்தது மாஸ்டருக்கு என்னவோ செய்தது. அவருக்குப் பதில் சொல்லக் கூடாது என்று போனைச் சட்டைப்பையில் போட்டார். கால் மணி நேரம் கழித்து எடுத்து, “ஒண்ணும் இல்லை” என்று அனுப்பினார். அவள் இருந்திருந்தால் அப்படித்தான் அனுப்பியிருப்பாள்.

மூன்றரைக்கு மகன் வந்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். பிறகு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, “இது இன்னுமா ஓடுது?” என்றான்.

“ஆறாயிரத்து நூறைத் தாண்டியாச்சு” என்றார் மாஸ்டர். மகன் தங்கையைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடத்துக்கு முன்னால் ரிவர்ஸ் வராமல் மூன்று தடவை டெஸ்டில் தோற்றவர். “நானே வரேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன் மாஸ்டர்” என்றார். எல்லாரும் எழுந்தார்கள். குளிர்பெட்டிக்காரர் ஒயரைக் கழற்றினார். ஒரு இரைச்சல் நின்றது.

“கிளம்பலாமா அத்தான்?” என்றான் மைத்துனன்.

“ஒரு நிமிஷம்.”

N தட்டினார். எல்லாரும் நின்றார்கள். அவளைத் தூக்கத் தயாராகக் குனிந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். இயந்திரம் மெதுவாகத்தான் சொன்னது. 6158. இன்னும் ஐம்பத்தாறு வரி. கடைசி ஐம்பதுதான் இழுக்கும், முடியப்போகுது முடியப்போகுதுன்னு பக்கத்துல உட்காந்தா பைத்தியம் பிடிச்சுடும் என்று அவள் யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

போனை எடுத்தார். “மாஸ்டர்” என்று தட்டினார். அழித்தார். “காலைல அஞ்சு நாப்பதுக்குப் போயிட்டா” என்று தட்டினார். அதை அழிக்கவில்லை. அதன் பக்கத்திலேயே, “மாஸ்டர் கூட்டிட்டுக் கிளம்புறார். 6158” என்று தட்டி அனுப்பினார். சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் காலையிலிருந்து நினைத்தார். ஆனால் பதினொரு வருடமாக அந்த வீட்டில் நடந்தது ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்த இடத்துக்கு இது மட்டும் போகாமல் இருப்பது அவளுக்குச் செய்கிற துரோகம்போலத் தோன்றியது.

வெல்டிங் கடைக்காரர் வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மாஸ்டர் அவரை இயந்திரத்திடம் கூட்டிக்கொண்டு போய்க் காகிதத்தைக் காட்டினார். “யாரும் தொடாம பாத்துக்க. நீ வேணா பாரு. மணிக்கு ஒரு தடவை மட்டும்.”

“சரி மாஸ்டர்.”

மகனும் மகளும் மைத்துனனும் பின்னால் அவளோடு ஏறிக்கொண்டார்கள். மாஸ்டரையும் பின்னால் ஏறச் சொன்னார்கள். அவர் பழக்கத்தில் முன்கதவைத் திறந்து, ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். வண்டி நகர்ந்தது. பயிற்சி காரைத் தாண்டி, வெல்டிங் கடையைத் தாண்டி, தெரு முனைக்கு வந்தது.

சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தார்.

“6002-ல நிறுத்திட்டேன்.”

அவ்வளவுதான் இருந்தது. அதற்குக் கீழே எழுதுவதும் அழிப்பதுமாக மூன்று புள்ளிகள் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு அவையும் நின்றுவிட்டன. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ ஓர் அறையில் ஒரு பச்சை விளக்கு அணைந்திருக்கும். அந்த ஆள் கையை நீட்டி நிறுத்தியிருக்கிறார், நின்றிருக்கிறது. அந்த நேரத்திலும் அவருக்குக் கப்பல்காரர்மேல் பொறாமையாக இருந்தது.

வண்டி பெரிய சாலையில் ஏறி வேகம் எடுத்தது. ஓட்டுநர் தற்செயலாகக் கீழே பார்த்தார். பக்கத்துச் சீட்டில் மாஸ்டரின் வலது கால், பெடல் எதுவும் இல்லாத வெறும் தரையை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.